உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே கடக்கும் சவ்வு

காலரா கண்ட ஒருவருக்கு வெறும் உப்புநீரைக் குடிக்கக் கொடுத்தால் அது உடலில் தங்காது. குடித்த அளவுக்குப் பேதி கூடுமே தவிர நாடித்துடிப்பு தேறாது. அதே உப்புநீரில் அளவறிந்து குளுக்கோஸைக் கலந்து கொடுத்துப் பாருங்கள். கிருமி குடலில் இருக்கும்போதே, பேதி போய்க்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் குழிவிழுந்த கண்கள் தெளிகின்றன. நின்றுபோயிருந்த சிறுநீர் பிரிகிறது. குளுக்கோஸ் கிருமியைக் கொல்வதில்லை, பேதியை நிறுத்துவதும் இல்லை. பின்னே அது செய்வதுதான் என்ன?

விடை குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களின் சவ்வில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் செல் சவ்வின் வழியே பொருள்கள் கடப்பதைப் பற்றி ஒரு பாடம் வரும். பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல் என்று வரையறைகளை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, அத்தோடு மறந்துவிடுவோம். கோடிக்கணக்கான குழந்தைகளை மரணத்திலிருந்து மீட்ட பாடம் அது என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் இத்தனை பேர் மறந்திருக்க மாட்டார்கள்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். தலைமுடியின் குறுக்களவைப் பத்தாயிரம் பங்காக வகுத்தால் அதில் ஒரு பங்கு. சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாத இந்தப் படலம் எதனால் ஆனது என்பதை, கண்ணால் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே மனிதர்கள் ஊகித்துவிட்டார்கள். 1890களில் சூரிச் நகரில் எர்னஸ்ட் ஓவர்டன் என்ற தாவரவியலாளர் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களை எடுத்து, எது செல்லுக்குள் எவ்வளவு விரைவாக நுழைகிறது என்று பொறுமையாகச் சோதித்தார். எண்ணெயில் எளிதாகக் கரையும் பொருள் செல்லுக்குள்ளும் எளிதாக நுழைந்தது. எண்ணெயில் கரையாதது வெளியிலேயே நின்றது. அப்படியானால் செல்லின் எல்லை கொழுப்பால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்றார் அவர்.

1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் எவர்ட் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டல் என்பவரும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்குப் பரப்பினார்கள். அது பிடித்த பரப்பு, அத்தனை சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. அவர்களுடைய கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன: கொழுப்பு முழுவதையும் அவர்கள் பிரித்தெடுக்கவில்லை, சிவப்பணுவின் மேற்பரப்பையும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டதால் விடை சரியாக வந்தது. அறிவியல் வரலாற்றில் இதுபோன்ற நற்பேறு அபூர்வம்.

இந்தக் கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் ஒரு தலையும், நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. செல்லுக்கு வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். ஆகவே தலைகள் இரண்டு புறமும் நீரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள, வால்கள் நடுவே ஒன்றையொன்று அண்டிக் கிடக்கின்றன. யாரும் அடுக்கி வைக்கத் தேவையில்லை. தண்ணீரில் விட்டாலே மூலக்கூறுகள் தாமாக இப்படி அமைந்துவிடும். நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதிதான் தடை.

ஆக்சிஜனுக்கு இது ஒரு தடையே இல்லை. மின்னூட்டமில்லாத சின்னஞ்சிறு மூலக்கூறு அது. கொழுப்பில் கரைந்து மறுபுறம் வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடும் அப்படியே. ஆல்கஹாலும், கொழுப்பில் கரையும் ஹார்மோன்களும், மயக்க மருந்துகள் பலவும் இந்த வகை. எந்தப் பக்கம் அடர்த்தி அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்குத் தாமாகப் பரவும். செல் இதற்காக ஆற்றல் எதையும் செலவிட வேண்டியதில்லை, தடுக்க நினைத்தாலும் முடியாது.

சோடியம் அயனியின் கதை வேறு. உருவத்தில் அது ஆக்சிஜன் மூலக்கூறைவிடச் சிறியது. ஆனால் அதற்கு மின்னூட்டம் உண்டு. அதனால் நீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டே இருக்கும். கொழுப்புக்குள் நுழைய வேண்டுமானால் அந்த நீரையெல்லாம் உதறியாக வேண்டும், அதற்கு வேண்டிய ஆற்றல் மிகப் பெரியது. கொழுப்பு மட்டுமே ஆன சவ்வில் சோடியம் கடக்கும் வேகம், தண்ணீர் கடக்கும் வேகத்தைவிடப் பல கோடி மடங்கு குறைவு. குளுக்கோஸும் நீரோடு இறுக ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுதான், அளவிலும் பெரியது. உடலுக்கு மிகவும் தேவையான இந்த இரண்டுமே கொழுப்புச் சவ்வைத் தாமாகக் கடக்க மாட்டா.

அதனால்தான் சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. சவ்வு முழுவதையும் ஊடுருவி, ஒரு முனை வெளியேயும் மறு முனை உள்ளேயுமாக நிற்கும் புரதங்கள். சில, நடுவே துளை உள்ள குழாய்கள். சில, ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு உருவம் மாறி மறுபுறம் விடுவிக்கும் கடத்திகள். இவை ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளைத் தேர்ந்தெடுக்கும் துல்லியம் வியக்க வைப்பது. பொட்டாசியம் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியத்தைவிடப் பெரிய பொட்டாசியம் அயனி அதன் வழியே விநாடிக்குக் கோடிக்கணக்கில் பாய்கிறது, சிறிய சோடியமோ நுழைய முடிவதில்லை. பெரியது போகிற துளையில் சிறியது ஏன் போகவில்லை என்ற புதிரை 1998இல் ராடரிக் மெக்கின்னன் விடுவித்தார். துளையின் உட்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியத்தைச் சுற்றி நீர் எந்தத் தொலைவில் நிற்குமோ சரியாக அதே தொலைவில் அவை நிற்பதால், பொட்டாசியம் நீரை உதறிவிட்டு இழப்பின்றி உள்ளே வருகிறது. சோடியம் சிறியது, அந்த அணுக்கள் அதற்கு எட்டாது. நீரை உதறினால் அதற்கு நட்டம், ஆகவே வெளியிலேயே நின்றுவிடுகிறது.

தண்ணீருக்கும் இப்படி ஒரு குழாய் உண்டு என்று தெரிந்தது மிகவும் பிந்தித்தான். கொழுப்பைத் தண்ணீர் ஓரளவு தானாகவே கடக்கும் என்பதால், அது போதும் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே இரத்தவகையின் ஆர்.எச். காரணியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கூடவே ஒரு புரதம் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. சிவப்பணுவில் ஏராளமாக இருந்த அதன் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. 1992இல் அவருடைய குழு அந்தப் புரதத்தை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைகளில் உண்டாக்கி, உப்பு குறைந்த நீரில் போட்டது. சாதாரண முட்டைகள் அப்படியே இருந்தன. புரதம் ஏறிய முட்டைகள் சில நிமிடங்களில் உப்பி வெடித்தன. ஒரு குழாய் வழியே விநாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஆக்ரேயும் மெக்கின்னனும் 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் குழாய் தண்ணீருக்கு வழி மட்டுமே தருகிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தள்ளுவதில்லை. தண்ணீரை நேரடியாக இறைக்கும் பம்ப் எதுவும் நம் உடலில் இல்லை. குடலிலும் இல்லை, சிறுநீரகத்திலும் இல்லை. கரைபொருள் எங்கே கூடுதலோ அங்கே தண்ணீர் போகும், அதுதான் சவ்வூடு பரவல். தண்ணீரை நகர்த்த வேண்டுமானால் உடலுக்கு ஒரே வழிதான் உண்டு: முதலில் உப்பை நகர்த்த வேண்டும்.

உப்பை நகர்த்தும் பம்ப் இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அறுவை மருத்துவராகப் பயின்ற யென்ஸ் ஸ்கௌ, மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று அறிய நண்டுகளின் கால் நரம்புகளை ஆராயத் தொடங்கினார். 1957இல் அவர் கண்டறிந்ததுதான் சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, 3 சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் புரதம் அது. இதன் விளைவாகத்தான் செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல் சோடியம் இருக்கும்போது உள்ளே பத்துப் பன்னிரண்டு மட்டுமே இருக்கிறது. பொட்டாசியத்தில் நேர்மாறாக உள்ளே 140, வெளியே 4 அல்லது 5. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இந்த ஒரு வேலைக்கே போகிறது. 40 ஆண்டுகள் கழித்து, 1997இல், ஸ்கௌவுக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

அரளியின் நஞ்சு தாக்குவதும் இந்த பம்ப்பைத்தான். அதிலுள்ள கிளைக்கோசைடுகள் இதயத் தசைச் செல்களில் பம்ப்பை அடைத்துவிடுகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, இதயத்தின் ஒழுங்கு குலைகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் அவசரப் பிரிவு மருத்துவர்கள் நன்கறிந்த நிலைமை இது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டிஜாக்சின், நுணுக்கமாக அளந்து கொடுக்கும்போது இதய நோய்க்கு மருந்தாகிறது.

சரி, சோடியத்தை விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் செல்லுக்கு என்ன ஆதாயம்? வீட்டில் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால், அதன் பிறகு குழாயைத் திறந்தால் போதும், தண்ணீர் தன் எடையாலேயே வேகமாக இறங்கும். பம்ப் செய்வதும் அந்த மோட்டாரின் வேலையே. வெளியே குவிந்த சோடியம், மறுபடி உள்ளே இறங்கத் துடித்துக்கொண்டிருக்கும் ஆற்றல் சேமிப்பு. உள்ளே இறங்கும் சோடியத்தோடு வேறு எதையாவது பிணைத்துவிட்டால், அந்தப் பொருளையும் அது தன்னோடு இழுத்து வந்துவிடும்.

இப்படித்தான் குடல் குளுக்கோஸை உறிஞ்சுகிறது என்று 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் முன்மொழிந்தார். சிறுகுடலின் உட்பரப்புச் செல்லில், உணவு வந்து சேரும் பக்கத்துச் சவ்வில், எஸ்.ஜி.எல்.டி.1 என்று இன்று நாம் அழைக்கும் கடத்திப் புரதம் இருக்கிறது. 2 சோடியம் அயனிகள் அதில் வந்து உட்கார்ந்தால்தான் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு வசதியாக உட்கார முடியும். மூன்றும் சேர்ந்ததும் புரதம் உருவம் மாறி மூன்றையும் செல்லுக்குள் விடுகிறது. அந்தச் செல்லின் மறுபக்கத்தில், இரத்தக் குழாயை ஒட்டிய சவ்வில், சோடியம்-பொட்டாசியம் பம்ப் வந்த சோடியத்தை இரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. குளுக்கோஸ் அங்கே வேறொரு கடத்தி வழியாக, தன் அடர்த்தியின் போக்கிலேயே வெளியேறுகிறது. உப்பும் சர்க்கரையும் இரத்தத்தின் பக்கம் போனதும் தண்ணீர் பின்தொடர்கிறது, செல்களின் ஊடாகவும், செல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் வழியாகவும்.

அயனியின் போக்கோடு சர்க்கரையின் போக்கு பிணைந்திருக்கிறது என்ற இந்த ஒரே எண்ணம்தான் கட்டுரையின் முதல் கேள்விக்குத் திறவுகோல். இந்தக் கடத்தி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் அபூர்வமாகப் பிறப்பதுண்டு. தாய்ப்பாலே அவர்களுக்குக் கடும் பேதியை உண்டாக்கும். பாலின் சர்க்கரை உடைந்து வரும் குளுக்கோஸும் கேலக்டோஸும் இந்த ஒரே கடத்தியைத்தான் நம்பியிருக்கின்றன. ஃபிரக்டோஸுக்குத் தனிக் கடத்தி இருப்பதால், அதைச் சேர்த்த உணவுக்கு மாற்றினால் அந்தக் குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இனி காலராவுக்கு வருவோம். நாள்தோறும் நம் குடலுக்குள் 8 முதல் 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் நாம் குடிப்பது 2 லிட்டர்தான். மீதமெல்லாம் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம், கணையநீர், குடலே சுரக்கும் நீர். மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிலிட்டருக்கும் குறைவு. இந்த வரவு செலவில் ஒரு சிறு பிசகு ஏற்பட்டாலும் விளைவு பயங்கரமாக இருக்கும். காலராக் கிருமி குடலை அரித்துப் புண்ணாக்குகிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற நோயியல் மருத்துவர், கிருமியே இல்லாமல் வடிகட்டிய திரவத்தை முயலின் குடற்கண்ணியில் செலுத்தி, அதுவே நீரைப் பெருகச் செய்வதை 1959இல் காட்டினார். கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. எல்லா வேலையையும் அந்த நஞ்சே செய்கிறது. உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றிய இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய மரியாதை அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. அது நம் நாட்டின் குறை.

அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் புகுந்து ஒரு சமிக்ஞைப் புரதத்தை இயங்கிய நிலையிலேயே பூட்டிவிடுகிறது. அதனால் செல்லினுள் சுழல் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு அளவின்றிப் பெருகுகிறது. அது குடலின் உட்புறம் பார்த்த சவ்விலுள்ள குளோரைடு குழாயைத் திறந்துவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்ட, மின்னூட்டத்தைச் சமன்செய்யச் சோடியம் பின்னால் போக, இரண்டையும் தொடர்ந்து தண்ணீர் போகிறது. முற்றிய காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பாகலாம். ஒரே நாளில் உடல் வற்றி மனிதர் இறப்பது இதனால்தான். இதே குளோரைடு குழாய் பிறவியில் பழுதாகிவிட்டால் வருவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய். அங்கே உப்பும் நீரும் சுரக்காமல் நுரையீரலின் சளி பசையாக இறுகிவிடுகிறது.

ஆனால் நஞ்சு ஒன்றை மட்டும் தொடுவதில்லை. சுழல் ஏ.எம்.பி. பெருகும்போது சோடியமும் குளோரைடும் தம்மளவில் உள்ளே வரும் வழக்கமான பாதை அடைபட்டுப்போகிறது; உப்புநீர் மட்டும் கொடுத்தால் தங்காததற்குக் காரணம் இதுவே. குளுக்கோஸோடு சேர்ந்து சோடியம் வரும் எஸ்.ஜி.எல்.டி.1 கடத்தியோ வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கிறது. செல்கள் சாகவில்லை, குடல் புண்ணாகவில்லை, மறுபக்கத்து பம்ப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்போடு சர்க்கரையையும் கொடுத்தால் போதும், உயிர் காக்கும் வழி திறந்தே இருக்கிறது.

இந்த விளக்கம் எதுவும் தெரியாத காலத்திலேயே, 1953இல், கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தி, லான்செட் இதழில் எழுதினார். ஏன் பலிக்கிறது என்று அன்று விளக்க முடியாததால் மருத்துவ உலகம் அதைக் கடந்து போய்விட்டது. ஒரு மருந்து பலிக்கிறது என்பது மட்டும் போதாது, எப்படிப் பலிக்கிறது என்பதும் தெரிந்தால்தான் மற்றவர்கள் துணிந்து கையில் எடுப்பார்கள் என்பதற்கு இது வருத்தமான சான்று.

அடுத்து வந்தவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ். 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸோடு உப்பு கொடுத்தால் உறிஞ்சப்படுவதை அவர் கண்டார். ஆனால் அவருடைய கரைசலின் அடர்த்தி மிக அதிகம். குடலில் கரைபொருள் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகிவிட்டால் தண்ணீர் எதிர்த் திசையில் ஓடும், இரத்தத்திலிருந்து குடலுக்குள். சோதனை உயிரிழப்பில் முடிந்து கைவிடப்பட்டது. எது உயிர் காக்கிறதோ அதுவே அளவு மீறும்போது உயிர் குடிக்கும் என்பதை அன்றே இந்தத் துறை கற்றுக்கொண்டது.

1968இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில், இருபதுகளைக் கடக்காத இரண்டு இளம் மருத்துவர்கள், டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும், ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் வெளியேறும் நீரை அளந்து, அதே அளவு கரைசலை வாய்வழியே திருப்பிக் கொடுத்தார்கள். ஊசி வழியே ஏற்ற வேண்டிய சலைனின் தேவை சுமார் 80 விழுக்காடு குறைந்தது. இருந்தும் இது தேர்ந்தவர்கள் மேற்பார்வையில் மருத்துவமனைக்குள் மட்டுமே செய்யத்தக்கது என்று பலரும் தயங்கினார்கள்.

தயக்கத்தைப் போர் உடைத்தது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பன்கான் முகாம்களில் காலரா பரவியது. குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அங்கே போனபோது மருத்துவமனையின் தரையெல்லாம் நோயாளிகள். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கல்கத்தாவில் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று எடைபோட்டுப் பைகளில் அடைத்து முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு லிட்டர் நீருக்கான அளவு இது. குடிநீரில் கரைத்துக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார்கள். நோயாளிகளின் தாயும் தங்கையும் உறவினர்களுமே குவளையில் பிடித்துப் பிடித்துப் புகட்டினார்கள். முகாமில் 20 முதல் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, கரைசல் பெற்றவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மஹலனாபிஸ் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் விருது அடுத்த ஆண்டு அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது.

என்னைப் பொறுத்தவரை பன்கானின் தாய்மார்கள்தான் இந்த வரலாற்றின் நாயகிகள். சவ்வு, அயனி, கடத்தி என்ற சொற்களைக் கேட்டிராத அவர்களுடைய கையில்தான் செல் உயிரியலின் நுட்பமான ஒரு முடிவு மருந்தாகியது. 1980களில் வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனது. அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கொண்டு கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளை எட்டினார்கள். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பிறகு சோதித்து, அதற்கேற்பவே ஊழியருக்குச் சம்பளம் தந்தார்கள். கற்பிப்பவருக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் இருக்க முடியாது.

இப்போது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசல் 2002இல் திருத்தப்பட்டது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சரிசமமாக நிற்கின்றன. பழைய கரைசலைவிட இது நீர்த்தது. மொத்த அடர்த்தி இரத்தத்தின் அடர்த்தியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதால் தண்ணீர் எளிதாக உடலின் பக்கம் வருகிறது.

நம் கஞ்சிக்கும் இதில் இடமுண்டு. மாவுச்சத்து ஒரு பெரிய மூலக்கூறு. நூற்றுக்கணக்கான குளுக்கோஸ் கோத்திருந்தாலும் கரைசலில் அது ஒரே துகளாகவே கணக்காகும். ஆகவே அடர்த்தியைக் கூட்டாமல், குடலில் மெல்ல உடைந்து, கடத்திக்குத் தொடர்ந்து குளுக்கோஸை ஊட்டும். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி பேதிக்காரருக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததற்குச் சவ்வின் மட்டத்தில் காரணம் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் இன்னொரு வழியைத் தேடினார்கள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஒரு வகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தார்கள். பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அதைச் சிறு கொழுப்பு அமிலங்களாக நொதிக்கச் செய்ய, அந்த அமிலங்களோடு சோடியமும் உறிஞ்சப்பட, தண்ணீர் பின்தொடர்ந்தது. காலரா நோயாளிகளின் பேதி குறைந்ததை 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

இதே குடும்பத்துக் கடத்தி ஒன்று நம் வீடுகளில் வேறொரு வகையில் பேசப்படுகிறது. சிறுநீரகம் நாள்தோறும் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறத்தாழ முழுவதையும் மீட்டெடுக்கிறது. அதில் 90 விழுக்காட்டை மீட்பது எஸ்.ஜி.எல்.டி.2. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் இந்தக் கடத்தியை அடைத்து, மிகைச் சர்க்கரையைச் சிறுநீரோடு போகவிடுகின்றன. ஆப்பிள் மரப்பட்டையில் 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருளிலிருந்து தொடங்கிய தேடல் அது. சர்க்கரையோடு சோடியமும் நீரும் சேர்ந்து போவதால்தான் இந்த மாத்திரை எடுப்பவர்களை நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சவ்வு உப்பையும் சர்க்கரையையும் ஒரு கணக்கில்தான் ஏற்கும் என்பது தெரிந்த பிறகு, கடையில் எதை வாங்குகிறோம் என்பதில் நாம் கவனமாக இருந்தாக வேண்டும். குளிர்பானங்களிலும் பெட்டியில் வரும் பழச்சாறுகளிலும் சர்க்கரை மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு. கடத்தி எடுத்துக்கொண்டது போக மீந்த சர்க்கரை குடலில் தங்கி இன்னும் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். இளநீர் நல்ல பானம், பொட்டாசியம் நிறைந்தது. கடும் பேதிக்கு வேண்டிய சோடியம் மட்டும் அதில் போதாது. இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குறிக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு சர்க்கரைப் பானங்கள் இந்தியாவில் வெகு காலம் விற்பனையாகின. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உரிய சூத்திரப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. காலம் கடந்து வந்தாலும் சரியான உத்தரவு.

உங்கள் வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு இருக்கட்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கிடைக்கும். வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காக மேலும் சர்க்கரை சேர்க்காதீர்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று குறைந்த நீரில் கெட்டியாகவும் கரைக்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடி புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும், 14 நாள் முழுவதும் கொடுங்கள். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்; போகிற வழியிலும் புகட்டிக்கொண்டே போங்கள்.